கிறிஸ்துமஸ் ஸ்டாரும் குடிலும் வீட்டிலேயே: மார்கழி ஈரத்துக்குத் தாங்குகிற மாதிரி செய்வது எப்படி? செய்து பார்த்தவர்கள் எழுதுங்கள்

பிளாச்சு

மூங்கில் ஸ்டாரில் ஆரம்பிக்கிறேன். கடையில் விற்கிற மடிப்பு ஸ்டார் ஒரு மழைக்கு மேல் நிற்காது. மூங்கிலில் கட்டியது பத்து வருஷம் நிற்கும், பேப்பரை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டடி ஸ்டாருக்கு 62 செ.மீ. நீளத்தில் 10 பிளாச்சு (பிளந்த மூங்கில் பட்டை) வேண்டும். அகலம் 1 செ.மீ., கனம் 3 மி.மீ. மேல்தோல் இருக்கிற பக்கத்தைச் சீவிவிடாதீர்கள், வளையும்போது ஒடியாமல் பிடித்துக்கொள்வது அந்தத் தோல்தான். காய்ந்த மூங்கில் என்றால் ஓர் இரவு தண்ணீரில் ஊறட்டும். பத்தையும் ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் வளைத்துப் பாருங்கள். ஸ்டாரின் முன்முகத்துக்கு ஐந்து, பின்முகத்துக்கு ஐந்து; ஒரே அளவு வளைந்து கொடுப்பவைதான் ஒரே முகத்துக்குப் போக வேண்டும். ஒன்று முரடாக இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் உப்பாமல் ஸ்டார் கோணிக்கொள்ளும்.

ஒவ்வொரு பிளாச்சிலும் இரண்டு நுனியிலிருந்தும் 1 செ.மீ. உள்ளே ஒரு கோடு. அங்கேதான் முனைக்கட்டு வரும். அந்தக் கோட்டிலிருந்து 23 செ.மீ. தள்ளி இன்னொரு கோடு, இதுவும் இரண்டு பக்கமும். ஆக ஒரு பிளாச்சுக்கு நாலு கோடு. உள்கோடு வருகிற இடத்தில் மூங்கில் கணு இருக்கக் கூடாது, கணுவில் வளைவு விழாது.

ஐந்து பிளாச்சுகளை நட்சத்திரமாக அடுக்கும்போது ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே என்று பாய் முடைவதுபோல மாற்றி மாற்றி விடுங்கள். உள்கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்துவிட்டால் கோணமானி வேண்டாம், ஐந்து முனையும் தானாகவே சரியாக வந்து நிற்கும். இதே மாதிரி இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளை மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். முதலில் பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டிப் போட்டு நிறுத்திக்கொண்டு, அளவு சரிபார்த்த பிறகு நூலால் இறுக்கி மேலே பெவிகால் தடவலாம். கட்டுக்கம்பி வேண்டாம். பனியில் துரு ஏறி வெள்ளைப் பேப்பரில் பழுப்புக் கறை இறங்கும்.

இனி முட்டு. 14 செ.மீ. நீளத்தில் 5 துண்டு, கொஞ்சம் தடித்த மூங்கிலில். இரண்டு முனையிலும் கத்தியால் சின்னக் காடி (பள்ளம்) வெட்டி, உள்பக்கம் பிளாச்சுகள் குறுக்கே சந்திக்கிற ஐந்து இடங்களிலும் முன்முகத்துக்கும் பின்முகத்துக்கும் நடுவே நிறுத்த வேண்டும். வரிசையாகக் கொடுக்காமல் ஒன்று விட்டு ஒன்றாகக் கொடுங்கள். பக்கத்துப் பக்கத்தில் கொடுத்தால் கடைசி முட்டுக்கு இடமே இருக்காது, வலுக்கட்டாயமாக நுழைத்தால் முதல் முட்டு தெறிக்கும்.

முட்டு ஏன் 14 என்று கேட்பீர்கள். முன்பக்கத்து முக்கோணத்தின் அடி 14 செ.மீ., பக்கங்கள் 23. முட்டும் 14 ஆக இருந்தால் பக்கவாட்டு முக்கோணமும் அதே அளவில் அமையும். மொத்தம் 20 முக்கோணமும் ஒரே அளவு என்பதால் ஓர் அட்டை மாதிரியை வைத்தே எல்லாவற்றையும் வெட்டிவிடலாம். நான்கடிக்கு ஆசைப்படுகிறவர்கள் கட்டுக்குக் கட்டு 120 செ.மீ. வைத்து, உள்கோட்டை 46இலும் முட்டுகளை 28இலும் போடுங்கள். கனத்தை 5 மி.மீ. ஆக்க மறக்காதீர்கள்.

பசைக்கிண்ணம்

பிளாச்சு அண்ணன் சொன்ன சட்டத்துக்குப் பேப்பர் கணக்கு நான் சொல்கிறேன். அட்டை மாதிரியில் அடி 14, பக்கம் 23 வரைந்து, மடிக்கச் சுற்றிலும் 1 செ.மீ. விடுங்கள். பேப்பரை நீளப்பட்டையாக எடுத்துக்கொண்டு மாதிரியை ஒருமுறை நேராக, ஒருமுறை தலைகீழாக வைத்து வரைந்தால் வீணாகாது. நடுவில் வருகிற ஐங்கோணத்துக்கு 27 செ.மீ. விட்டத்தில் இரண்டு வட்டம் வெட்டி, ஓரத்தை மடித்து ஒட்டினால் போதும். ஐங்கோணமாக அளந்து வெட்டி மெனக்கெட வேண்டியதில்லை.

பசைக்கு மைதா 100 கிராம், தண்ணீர் 500 மில்லி. மைதாவை முதலில் 100 மில்லி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கிற மீதித் தண்ணீரில் கம்பியாக ஊற்றிக் கிளற வேண்டும். மாவை நேராகக் கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டும், பிறகு எவ்வளவு கிளறினாலும் கரையாது. வெள்ளை நிறம் போய்க் கண்ணாடி மாதிரி ஆனதும் இறக்குங்கள். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) அரை டீஸ்பூன், கொஞ்சம் வெந்நீரில் கரைத்துச் சேர்க்கலாம். அது விஷம். சமையல் பாத்திரத்தில் வேண்டாம், உலோகப் பாத்திரமே வேண்டாம், பழைய பிளாஸ்டிக் டப்பாவில் கலந்து பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வெள்ளைப் பேப்பரில் லேசாக நீலம் தட்டும் என்பதால் அதற்கு மட்டும் துத்தம் போடாத பசை.

ஒட்டும்போது பேப்பரை இழுத்துப் பிடிக்கத் தேவையில்லை. சுருக்கமில்லாமல் படிந்தால் போதும். பசை முழுக்கக் காய்ந்த பிறகு, துணி இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரேயரால் ஓர் அடி தள்ளி நின்று பூச்சாரல் அடியுங்கள். முதலில் தொய்ந்து பயமுறுத்தும். அரை மணி நேரத்தில் காய்ந்து விறைத்து, விரலால் சுண்டினால் பறைத்தோல் மாதிரி சத்தம் வரும். சாயம் போகிற பேப்பருக்கு இது ஆகாது, ஒரு துண்டில் சோதித்துவிட்டுச் செய்யுங்கள்.

இன்னொன்று. மாலையில் மாட்டிய ஸ்டார் இரவு எட்டு மணிக்குத் தொய்ந்து தெரிந்தால் பசையைக் குறை சொல்லாதீர்கள். மார்கழிப் பனியைக் குடித்துப் பேப்பர் விரிகிறது, அவ்வளவுதான். மறுநாள் வெயில் ஏறினால் மறுபடி விறைக்கும். ஓரங்கள் பிரிந்திருந்தால்தான் பசையின் தவறு.

சீரியல்செட்

பல்பைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. முட்டு 14 செ.மீ., சாதாரண பல்பின் விட்டம் 6 செ.மீ. நட்டநடுவில் தொங்கினாலே பேப்பருக்கும் பல்புக்கும் இடையே ஒரு பக்கம் 4 செ.மீ. தான் மிச்சம். காற்றில் ஆடினால் அதுவும் இல்லை. அங்கே 60 வாட் குண்டு பல்பைப் போட்டால் பேப்பர் முதலில் பழுப்பாகும், பிறகு கருகும். 5 வாட் எல்இடி போதும், 7 வாட்டுக்கு மேல் வேண்டாம். எல்இடியிலும் சூடு உண்டு, ஆனால் அது அடிக்கட்டையில் இருக்கும். அதனால் கட்டை மேலே பார்க்கிற மாதிரி தொங்கவிட்டு, மேல்பக்கமாகப் பார்க்கிற ஒரு பக்கவாட்டு முக்கோணத்தை ஒட்டாமல் விடுங்கள். பல்பு மாற்றவும் சூடு வெளியேறவும் அதுவே வழி. திண்ணைக்கும் போர்டிகோவுக்கும் இது சரி. மழை நேரடியாக விழுகிற இடம் என்றால் அந்த வாயை மேலே வைக்காதீர்கள்.

ஸ்டார் தொங்குவது நைலான் கயிற்றில். கரண்டு வயர் தொய்வாக இருக்க வேண்டும், அதில் எடை ஏறவே கூடாது. சுவரிலிருந்து வருகிற வயர் ஹோல்டருக்குள் போவதற்கு முன் ஓர் இடத்தில் கீழே தொய்ந்து பிறகு மேலே ஏறட்டும். வயரோடு வழிகிற மழைத்தண்ணீர் அந்தத் தாழ்ந்த இடத்தில் சொட்டிவிடும், ஹோல்டருக்குள் இறங்காது.

சீரியல் செட்டில் அடிக்கடி நடக்கிற தவறு: எரியாத பல்பை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு வயரையும் முறுக்கிவிடுவது. 240 வோல்ட்டை 6 வோல்ட் பல்பு 40 பங்கிட்டுக்கொள்கிற செட் அது. ஐந்தை எடுத்துவிட்டால் மீதி ஒவ்வொன்றுக்கும் 6.8 வோல்ட்டுக்கு மேல் போகும். ஒருநாள் பளிச்சென்று எரியும், அப்புறம் வரிசையாகப் போகும். போனதை அதே வோல்ட் பல்பால் மாற்றுங்கள். குடிலின் வைக்கோலுக்கு உள்ளே பழைய குண்டு பல்பு செட் வேண்டவே வேண்டாம்.

நாற்றங்கால்

குடிலுக்குப் பச்சை வயல் வேண்டுமென்றால் கேழ்வரகுதான். கோதுமை ஒரே வாரத்தில் நாலைந்து அங்குலம் எழுந்து சொரூபங்களை (குடிலில் வைக்கிற சிலைகளை) மறைத்துவிடும். அதைப் பின்வரிசைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஓர் அடிக்கு ஓர் அடி தட்டுக்கு 25 கிராம் கேழ்வரகு. முதல் நாள் இரவு ஊறவைத்து, வடித்து, ஈரத்துணியில் ஒரு நாள் கட்டி வையுங்கள். தட்டில் தென்னை நார்க் கழிவு ஓர் அங்குலம் பரப்பி, நனைத்து, ஒரு விதைமேல் ஒரு விதை ஏறாமல் தூவ வேண்டும். அடியில் ஓட்டை இல்லாத தட்டு என்றால் தண்ணீரை ஊற்றாமல் தெளியுங்கள். 24ஆம் தேதிக்கு இரண்டு அங்குலம் நிற்க வேண்டுமானால் 13 அல்லது 14ஆம் தேதி தூவிவிட வேண்டும். மழை மூட்டம் தொடர்ந்தால் இரண்டு நாள் முன்னதாக.

மூன்றாவது நாள் தட்டு முழுக்க வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒன்று தெரியும். பூஞ்சை என்று நினைத்துப் பலர் தட்டையே கொட்டிவிடுகிறார்கள். கிட்டே போய்ப் பாருங்கள். அது விதைக்கு விதை வேரைச் சுற்றி மட்டும் மயிர்போல நிற்கும், தண்ணீர் தெளித்தால் படிந்து மறைந்துவிடும். அது வேர்மயிர். தெளித்த பிறகும் சிலந்திவலைபோல விதைக்கு விதை தாவி நிற்பது, புளித்த வாடை வருவது, இது பூஞ்சை. அந்த இடத்தை மட்டும் கரண்டியால் அள்ளி எறிந்துவிட்டுத் தண்ணீரைப் பாதியாகக் குறையுங்கள்.

முளைப்பாரி மாதிரி இருட்டில் வைத்தால் மஞ்சளாகத்தான் வரும். நாலாவது நாளிலிருந்து காலை வெயில் படட்டும். அளவையும் பாருங்கள். 9 அங்குலச் சொரூபத்துக்குப் பக்கத்தில் இரண்டு அங்குலம் என்றால் முழங்கால் உயரப் பயிர். புல்வெளியாகத் தெரிய வேண்டுமானால் கத்தரிக்கோலால் அரை அங்குலத்துக்கு நறுக்குங்கள், தாங்கும்.

மலைக்காரன்

குடிலுக்கு என்ன கரு எடுக்கலாம் என்று ஒவ்வொரு வருஷமும் பங்குக் கோவிலில் பேச்சு நடக்கும். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: குகை. பெத்லகேமில் பிறப்பிடமாக வணங்கப்படுவது ஆலயத்துக்குக் கீழே உள்ள ஒரு குகைதான். 1223இல் இத்தாலியின் கிரெச்சோவில் புனித பிரான்சிஸ் அமைத்ததிலும் சொரூபங்கள் கிடையாது, தீவனத்தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும்தான். பஞ்சைப் பிய்த்துப் பனியாகப் போடுவதை விட்டுவிடலாம் என்பேன். பஞ்சு ஒரு பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். உப்பைத் தூவுகிறார்கள், டிசம்பர் ஈரத்தில் அது ஒரே இரவில் கசிந்து பலகையை நனைக்கும்.

குகைக்குக் கோழிவலையைக் கையால் அமுக்கி மலை வடிவம் கொடுத்து, பசையில் நனைத்த செய்தித்தாளை மூன்று அடுக்கு ஒட்டுங்கள். ஓர் அடுக்கு காய்ந்த பிறகே அடுத்தது. மழைக்காலத்தில் அடுக்குக்கு ஒன்றரை நாள் ஆகும் என்பதால் டிசம்பர் முதல் வாரமே தொடங்க வேண்டும். உள்ஈரம் போகுமுன் பெயின்ட் அடித்தால் ஒரு வாரத்தில் கருப்புப் புள்ளி விழுந்து நாற்றம் எடுக்கும். கடைசி அடுக்கு கசக்கிய பிரவுன் பேப்பர். கரும்பழுப்பு முழுக்க அடித்துக் காயவிட்டு, பிரஷ்ஷைத் துணியில் ஒற்றி ஏறக்குறைய உலர்ந்த நிலையில் வெளிர் மஞ்சளைத் தொட்டு மேடுகளில் மட்டும் இழுத்தால் பாறையாகிவிடும். மைதா வாடைக்கு எலி வரும், ராத்திரி குடிலைத் தரையில் விடாதீர்கள்.

தெர்மாகோலில் வீடு செய்கிறவர்களுக்கு: ஸ்பிரே பெயின்ட் நேராக அடித்தால் தெர்மாகோல் கரைந்து குழிவிழும். மஞ்சள் ரப்பர் பசையும் அப்படித்தான். பெவிகாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து ஒரு பூச்சு கொடுத்து, அதன்மேல் எமல்ஷன் அடியுங்கள். இரண்டு தெர்மாகோலை ஒட்டும்போது பெவிகாலின் ஈரம் வெளியேற வழியில்லாததால் காய ஒரு நாள் பிடிக்கும். பல்குத்தி செருகி நிறுத்துங்கள்.

ஓலைக்கொட்டான்

தூத்துக்குடி, குமரிப் பக்கம் கடற்கரைக் கருவில் குடில் வைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். கடல் மணலை அப்படியே அள்ளிக் கொட்டாதீர்கள். உப்பு இருக்கிறவரை அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், ஆணி துருப்பிடிக்கும், சொரூபத்தின் அடியில் வெள்ளை பூக்கும். நாலு தண்ணீர் கழுவி, நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்காத அளவுக்கு அலசி, வெயிலில் காயவைத்துப் பரப்புங்கள். பனை ஓலையில் தோரணம் செய்தால் குருத்தோலையை ஈர்க்கு நீக்கி, கொதிநீரில் கால் மணி நேரம் போட்டு, நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் சுருண்டு குழலாகிவிடும்.

பிளாச்சு

ஸ்டாரைக் கழற்றுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருவிழா முடிந்ததும் பேப்பரைக் கிழித்துவிட்டு ஈரத்துணியால் பசையைத் துடையுங்கள். இதை விட்டால் கரப்பான் பரணில் குடியேறும். பிறகு ஐந்து முட்டுகளையும் உருவினால் இரண்டு முகமும் ஒன்றோடொன்று படிந்து தட்டையாகிவிடும், முனைக்கட்டை அவிழ்க்க வேண்டாம். எந்த முட்டு எந்த இடம் என்று 1 முதல் 5 வரை பேனாவில் இரண்டு பக்கமும் குறித்து, சட்டத்தோடு சேர்த்துக் கட்டிப் பரணில் படுக்கப் போடுங்கள். சாத்தி நிறுத்தினால் அடி முனை வளைந்துவிடும்.