அப்பாவின் பத்திரிகையில் ஒரு வரி

குழு: மாஞ்சோலை வீட்டார்

பாளை அத்தை, மாலை 5.40
அண்ணனின் பதினாறாம் நாள் காரியப் பத்திரிகைக்கான வாசகத்தை இன்று இரவு எட்டு மணிக்குள் அச்சகத்துக்காரர் கேட்கிறார். பெயர், ஊர், நேரம், பாபநாசம் படித்துறை எல்லாம் எழுதியாயிற்று. பெயருக்குக் கீழே அவர் செய்த தொழிலைச் சொல்லும் வரி மட்டும் காலியாக இருக்கிறது. ஆளுக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். பிழையில்லாமல் எழுதுங்கள், துக்க வீட்டிலும் இந்தக் குழுவின் விதி மாறாது.

சித்தப்பா, 5.44
விளையாட்டு வீரர் என்று போட்டுவிடலாம்.

தம்பி, 5.45
அப்படிப் போட்டால் அப்பா கபடி ஆடினாரா என்று ஊரில் கேட்பார்கள், சித்தப்பா.

சென்னை அத்தான், 5.58
சித்தி, இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாமா ஆடிய கோல்ஃபில் இரண்டு வகை ஆட்டக்காரர்கள் உண்டு. பரிசுப் பணத்துக்காக அல்லாமல் ஆடுகிறவர் அமெச்சூர். பரிசுப் பணத்துக்கு ஆடியோ, கூலி வாங்கிக்கொண்டு பிறருக்குக் கற்றுக்கொடுத்தோ அதிலேயே பிழைக்கிறவர் புரொபஷனல். இதில் வேடிக்கை என்னவென்றால், கிளப்பில் அமெச்சூர்தான் முதலாளி, புரொபஷனல்தான் வேலைக்காரர். 1991இல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியப் புரொபஷனலான அலி ஷேர், டெல்லியில் ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தூக்கி வளர்ந்தவர். அந்தச் செய்தி வந்த அன்று மாமா அல்வா வாங்கி வந்து, இது நம்மூர் அல்வா இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே தெருவில் இருந்த எல்லோருக்கும் கொடுத்தார். ஆகவே "கோல்ஃப் புரொபஷனல்" என்பதே சரியான சொல்.

பாளை அத்தை, 6.01
அதைத் தமிழில் சொல்ல முடியுமா, முடியாதா?

சித்தப்பா, 6.02
அண்ணன் தொடங்கியது பை தூக்கும் கேடியாகத்தானே?

பாளை அத்தை, 6.02
அந்தச் சொல்லைப் பத்திரிகையில் போட்டால் அண்ணன் காவல் நிலையப் பட்டியலில் இருந்தவர் என்று நினைப்பார்கள்.

தம்பி, 6.03
அப்பாவே அதைச் சொல்லிச் சிரிப்பார். "மலையில் நான் கேடி, கீழே இறங்கினால் யோக்கியன்" என்பார்.

நான், 6.10
பதினோரு வயதில் மாஞ்சோலை மலையின் காக்காச்சிப் புல்வெளியில் துரைமாரின் பையைத் தூக்கத் தொடங்கியதாக அப்பா சொல்லியிருக்கிறார். ஒருவர் பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பது விதியாம். பதினோரு வயதுப் பையனின் தோளுக்கு அது என்ன கனம் என்று பாருங்கள். மேகம் இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது என்பதால், பந்து விழுந்த ஓசையை வைத்தே அது புல்லில் விழுந்ததா, தேயிலைக்குள் போனதா என்று சொல்லப் பழகிக்கொண்டாராம். கடைசி வரை அந்தக் காது அவருக்கு இருந்தது. அடுக்களையில் டம்ளர் விழுந்தால் அது எவர்சில்வரா, பித்தளையா என்று திண்ணையிலிருந்தே சொல்வார்.

சித்தப்பா, 6.13
விழுந்ததை யார் கழுவினார்கள் என்பதையும் சொல்வார்.

சென்னை அத்தான், 6.19
இன்னொரு தகவலும் இருக்கிறது. கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பந்தின் எடை அதிகபட்சம் 45.93 கிராம். எவ்வளவு பெரிய மைதானமாக இருந்தாலும், எந்த நாட்டில் ஆடினாலும், இந்த அளவு மாறாது என்று எனக்குப் பன்னிரண்டு வயதில் மாமா சொல்லிக் கொடுத்தார்.

பாளை அத்தை, 6.20
நூற்றெட்டு என்றால் அர்ச்சனைக் கணக்கு. அண்ணன் அதையும் சொல்லியிருப்பார்.

சென்னை அத்தான், 6.20
சொன்னார், சித்தி. அதனால்தான் எனக்கு மறக்கவில்லை.

தம்பி, 6.24
சாப்பாட்டைப் பற்றியும் இப்போதே பேசிவிடலாம். அப்பாவுக்குப் பிடித்தது சொதி. அன்றைக்குச் சொதி வைத்தால் என்ன?

பாளை அத்தை, 6.25
சொதி மறுவீட்டுச் சமையல். காரிய வீட்டில் எவரும் வைப்பதில்லை.

தம்பி, 6.26
அப்பா அந்த மைதானத்துக்கும் இந்த மைதானத்துக்கும் அலைந்ததில் அக்காளின் மறுவீட்டுச் சொதியையே சாப்பிடவில்லை. அந்தக் கடன் பாக்கி இருக்கிறது, அத்தை.

நான், 6.31
கல்யாணத்துக்கு வந்தார், மறுவீட்டன்று இல்லை. அன்று கொடைக்கானலில் ஒரு பந்தயம் இருந்தது. அது எனக்குப் பல வருடங்கள் மனக்குறையாக இருந்ததை நான் மறைக்கப் போவதில்லை. அந்தப் பந்தயத்துப் பணத்தில்தான் பந்தல்காரருக்குப் பாக்கி தீர்ந்தது என்று அம்மா சொன்னது எனக்கு முதல் குழந்தை பிறந்த பிறகு.

பாளை அத்தை, 6.36
என் ஆசிரியர் பயிற்சிக் கட்டணமும் அப்படி ஒரு பந்தயப் பணத்தில் கட்டியதுதான். எங்கள் அப்பா அண்ணனை வி.கே.புரம் மில்லில் சேரச் சொல்லி ஆளனுப்பியபோது, அந்த இடத்தைத் தம்பிக்குக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணன் மலையை விட்டுப் போனார். அப்பா மூன்று வருடம் அவரோடு பேசவில்லை.

சித்தப்பா, 6.38
நான் அந்த இடத்தைக் கேட்டு வாங்கவில்லை, அக்காள். ஒவ்வொரு துக்கத்திலும் இதை எடுக்க வேண்டுமா?

பாளை அத்தை, 6.38
கேட்டு வாங்கியதாக நான் எழுதவில்லை.

சித்தப்பா, 6.45
சரி, எழுதத் தொடங்கிவிட்டீர்கள், நானும் எழுதுகிறேன். எனக்கு முதல் சம்பளம் வந்த மாதம் அண்ணன் ஊருக்கு வந்திருந்தார். ஏதோ ஒரு கிளப்பில், ஆடுகிறவர்கள் சாப்பிடும் அறைக்குள் சொல்லிக்கொடுக்கிறவர்கள் வரக்கூடாது என்பதால், பின்வாசல் படியில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டதாகச் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "அந்தப் படியிலிருந்து பார்த்தால்தான் முதலாளி மட்டையை எங்கே தப்பாகப் பிடிக்கிறார் என்பது நன்றாகத் தெரிகிறது" என்றார். அந்த முதலாளியே பின்னாளில் தம் பேரனை அண்ணனிடம் கொண்டுவந்து விட்டார்.

தம்பி, 6.47
இது எனக்குத் தெரியாது, சித்தப்பா.

நான், 6.55
2023 டிசம்பர் வெள்ளம் சிந்துபூந்துறை வீட்டுக்குள் வந்த அன்று நான் அங்கே இருந்தேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தபோது அப்பா முதலில் பேரனின் பாடப்புத்தகங்களை மச்சுக்கு ஏற்றினார். பிறகு அம்மாவின் தையல் இயந்திரத்தை நாங்கள் இருவருமாகத் தூக்கினோம். பிறகு பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார். மட்டைப் பை கீழேயே கிடந்தது. மூன்றாம் நாள் சேற்றிலிருந்து அதை எடுத்தபோது பந்தைக் குழிக்குள் தள்ளும் மட்டையான பட்டர் ஒன்றை மட்டும் துடைத்து வைத்துக்கொண்டு, "மற்றது எல்லாம் துரைமாரிடமிருந்து வந்தது, ஆற்றோடு போகட்டும்" என்றார்.

பாளை அத்தை, 6.58
அந்தப் பட்டர் இப்போது எங்கே இருக்கிறது?

நான், 6.58
அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

தம்பி, 7.04
காரியம் முடிந்த மறுநாள் காக்காச்சிக்குப் போய் அந்தப் புல்வெளியில் ஒரு பந்தை வைத்துவிட்டு வரலாமா? 1929இல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்த மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் கம்பெனி 2024இல் வேலையை நிறுத்தியதிலிருந்து, ஒரு தடவை மேலே போய்ப் பார்க்க வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

சித்தப்பா, 7.06
மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் வனத்துறை அனுமதி கேட்பார்கள். புலிகள் காப்பகத்தில் பந்து வைக்கப் போகிறோம் என்றால் என்ன பதில் சொல்வார்கள் என்று தெரியவில்லை.

சென்னை அத்தான், 7.07
அனுமதி பெறும் முறையை நான் விளக்கமாக

பாளை அத்தை, 7.07
மாப்பிள்ளை, அதைப் பிறகு விளக்குங்கள். மணி ஏழைத் தாண்டிவிட்டது.

நான், 7.21
அம்மாவுக்கு இதில் எழுத வராது என்பதால் அம்மா சொல்வதை நான் எழுதுகிறேன். "ரேஷன் கார்டுக்கு எழுதிக்கொடுக்கப் போன இடத்தில் தொழில் என்ன என்று கேட்டார்கள். கோல்ஃப் என்று இவர் சொன்னது அங்கே இருந்தவருக்கு விளங்கவில்லை. சொல்லிக்கொடுக்கிறேன் என்றார். அவர் ஆசிரியர் என்று எழுதிக்கொண்டார். என் தங்கை இரண்டு வருடம் படித்து வாங்கிய பட்டத்தை நான் வரிசையில் நின்றே வாங்கிவிட்டேன், அவளிடம் சொல்லிவிடாதே என்று வீடு வரும் வரை சிரித்துக்கொண்டு வந்தார். நானும் இன்று வரை சொல்லவில்லை."

சித்தப்பா, 7.24
அப்படியானால் கோல்ஃப் ஆசிரியர் என்றே போட்டுவிடலாமா?

சென்னை அத்தான், 7.25
பயிற்றுநர் என்பதுதான் துல்லியமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

தம்பி, 7.25
அத்தை என்ன சொல்கிறார்கள்?

சித்தப்பா, 7.33
அக்காள்?

பாளை அத்தை, 7.41
மதினியைச் சாப்பிடச் சொல்லுங்கள். அச்சகத்துக்காரரிடம் காலை ஏழு மணி வரை நேரம் வாங்கியிருக்கிறேன். போன தடவை அங்கே "ஆசிறியர்" என்று அச்சடித்துக் கொடுத்தார்கள்; இந்தத் தடவை ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

சித்தப்பா, 7.42
நான் போய் நிற்கிறேன், அக்காள்.

தம்பி, 7.43
படம் தொப்பி வைத்ததா, திருநீறு பூசியதா?

பாளை அத்தை, 7.44
திருநீறு.

நான், 7.44
அம்மா தொப்பி என்கிறார்கள்.

தம்பி, 7.46
சரி. சொதிக்குத் தேங்காய் எத்தனை என்பதையாவது யாராவது சொல்லுங்கள்.