புதுப்பிப்பு: மகளின் இராப்பயத்துக்கு ஜெபம் கேட்டிருந்தேன்

மாமனார் தவறியதிலிருந்து மகள் இரவில் அலறி எழுகிறாள், ஜெபியுங்கள் என்று எழுதியிருந்தேன். ஜெபித்த எல்லாருக்கும் நன்றி. இப்போது பெரும்பாலும் விடியும்வரை தூங்குகிறாள், கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

பயத்தில் சொல்ல பைபிளின் 91ஆம் சங்கீதம் முழுவதும் அவளுக்கு நீளம். அதனால் ஒரு அக்கா சொன்னபடி 4ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தில் பாதியை மட்டும் கற்றுக்கொடுத்தோம்: "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்." தென்னை மட்டை தகரத்தில் உரசும்போதெல்லாம் போர்வைக்குள்ளிருந்து அந்த முணுமுணுப்பு கேட்கும். அப்புறம், "தாத்தா இயேசுவோட இருக்காராம்மா?" என்பாள். ஆமாம் என்பேன்.

மழை இரவுகளில் இன்னும் பயம்தான், விளக்கை அணைக்க விடமாட்டாள். சரி, எரியட்டும். குழந்தைகள் மருத்துவரிடமும் காட்டினோம். ஜெபத்தோடு அதுவும் வேண்டும் என்றே நினைக்கிறேன். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். தொடர்ந்து ஜெபியுங்கள்.