மரைப்பூட்டி: ஒரு முன்மொழிவு

அண்ணாச்சிக்கு வணக்கம்.

நட்டும் போல்ட்டும் கழலாமல் இருக்க மரையில், அதாவது திருகின் சுற்றுவரிப் பள்ளத்தில், ஊற்றும் 'த்ரெட்லாக்கர்' என்ற நீர்மத்துக்குத் தமிழ்ப்பெயராக நீங்கள் சொன்ன 'திருகுப்பசை' வாய்க்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் பசை என்றதும் காற்றில் உலர்ந்து ஒட்டுவதுதான் நினைவுக்கு வரும். இது நேர்மாறு. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும்வரை நீர்மமாகவே கிடக்கும். நட்டை முறுக்கியதும் மரை இடுக்கில் காற்று இல்லாமல் போகும். அப்போது உலோகம் பட்டுத்தான் கெட்டிப்படும். குப்பியை முழுக்க நிரப்பாமல் காற்றுக்கு இடம் விட்டு விற்பதும் இதனால்தான்.

என் முன்மொழிவு 'மரைப்பூட்டி'. மரையைப் பாடப்புத்தகம் 'புரி' என்கிறது; திருகு அளவி பாடத்தில் 'புரியிடைத்தூரம்' என்று படித்தோம், சரி. ஆனால் திருநெல்வேலியில் பேட்டை, வண்ணார்பேட்டைப் பட்டறைகளில் புரி என்றால் யாருக்குப் புரியும்? 'மரை போயிட்டு' என்றால் சின்னப் பையனும் மரை வெட்டும் டேப்பை எடுத்து வருவான்.

'பூட்டி' என்பதை நான் அழுத்திச் சொல்ல இன்னொரு காரணம் உண்டு. ஆயில், கிரீஸ், இது எல்லாவற்றையும் 'மரையில் தடவுவது' என்று ஒரே பேச்சில் அடக்கிவிடுகிறோம். ஆபத்து அங்கேதான். போல்ட்டை முறுக்கும்போது நாம் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ 10 சதவீதம்தான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மீதி தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகப் போய்விடும். ஆயில் தடவினால் உராய்வு குறையும். உலர்ந்த மரைக்குச் சொன்ன டார்க் (முறுக்குவிசை) அளவை அப்படியே வைத்தால் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும், அறுந்தும் போகும். பல எஞ்சின்களில் ஹெட் போல்ட்டுக்கு ஆயில், ஃபிளைவீல் போல்ட்டுக்குப் பூட்டி என்று கையேடு பிரித்தே சொல்கிறது. ஆயில் பிசுக்கு உள்ள மரையில் பூட்டி ஊற்றினால் பெரும்பாலும் சரியாகப் பிடிக்காது. துடைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். ஆகவே முறுக்கும்போது வழுக்க வைப்பது 'மசகு', முறுக்கிய பிறகு கழலாமல் காப்பது 'பூட்டி'. இரண்டும் இரண்டு சொல்லாகவே நிற்கட்டும்.

வகைக்கும் பெயர் வேண்டும். பெரும்பாலும் நீலம் சாதாரண ஸ்பேனருக்கே கழலும். அதை 'கழல்பூட்டி' எனலாம். சிவப்பை ஏறத்தாழ 250 டிகிரிக்குச் சூடாக்கித்தான் கழற்ற வேண்டியிருக்கும், அது 'நிலைப்பூட்டி'. நிறத்தையே பெயராக வைக்கலாம் என்று தம்பி ஒருவர் எழுதியிருந்தார். எல்லாக் கம்பெனியும் ஒரே நிறமுறையைப் பின்பற்றுவதில்லை, வேண்டாம்.

சைலன்சர் பக்கத்து ஸ்டட்டுகளில் (தலையில்லாத போல்ட்டுகளில்), சூட்டில் மரை இறுகிப்போகாமல் இருக்கப் பூசும் செம்புத்தூள் கிரீஸுக்கு 'மரைக்காப்பு' எனலாமா? பேட்டை ஐ.டி.ஐ.யில் பாடம் எடுப்பவர்கள் யாராவது இங்கே இருந்தால், வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.