பழைய குதிரை டிரெய்லர்: எத்தனை ஆண்டு உழைக்கும் என்று எதைப் பார்த்து முடிவு செய்வது?

அணைக்கட்டு வாசகர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வேலூரை அடுத்த அணைக்கட்டுப் பக்கம் எங்கள் ஊர். அந்தியூர்ச் சந்தையில் வாங்கிய ஒரு பெண் குதிரையும், எருது விடும் விழாக்களுக்குக் கொண்டுபோகும் ஒரு காளையும் எங்களிடம் இருக்கின்றன. இதுவரை வாடகைச் சரக்கு வண்டியில்தான் ஏற்றிச் செல்கிறோம். மண்மேடு இருக்கும் இடமாகத் தேடி, வண்டியின் பின்பக்கத்தை அதோடு ஒட்டி நிறுத்தினால்தான் குதிரை ஏறுகிறது.

ஓசூர்ப் பக்கம் குதிரைப் பண்ணை வைத்திருந்த ஒருவர் தம்முடைய டிரெய்லரை விற்கிறார். அகலம் 6 அடி, நீளம் 10 அடி, நான்கு சக்கரங்கள், இரும்புச் சட்டம், பலகைத் தளம், அதன்மேல் ரப்பர் விரிப்பு. ஒன்றே முக்கால் லட்சம் கேட்கிறார். வெளியே புதிதாகப் பெயின்ட் அடித்திருக்கிறது, டயர்களில் பட்டன் தேயவே இல்லை. அதிகம் ஓடாமல் கொட்டகையிலேயே நின்ற வண்டி என்று சொல்கிறார். தை பிறப்பதற்குள் வாங்கிப் பொலிரோவில் பூட்டி ஓட்ட விரும்புகிறேன். இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று எப்படிக் கணிப்பது?

ராணிப்பேட்டைப் பட்டறைக்காரர் (பதில்)

தம்பி, ஓடாமல் நின்றது என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓடிய வண்டியில் எது தேய்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். நின்ற வண்டியில் கிரீஸ் இறுகி, பேரிங்கில் ஈரம் இறங்கி, டயரின் பக்கவாட்டு ரப்பர் வெடித்து, பிரேக் ஒட்டிக்கொண்டு, எல்லாம் வெளியே தெரியாமலே கெட்டிருக்கும். விற்பதற்கு முன்னால் அடித்த புதுப் பெயின்ட்டும் எனக்குச் சந்தேகத்தையே தருகிறது.

முதலில் தளத்தைப் பாருங்கள். குதிரை டிரெய்லரைத் தின்பது மழையைவிட மூத்திரம்தான். ரப்பர் விரிப்பின் அடியில் அது தேங்கிப் பலகையை மக்கச் செய்யும், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களையும் அரிக்கும். ஆகவே விரிப்பை முழுவதுமாகச் சுருட்டி வெளியே எடுக்கச் சொல்லுங்கள். ‘ஒட்டியிருக்கிறது, எடுக்க வராது’ என்றால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். எடுத்த பிறகு, ஒரு கூர்மையான ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பலகையையும் நுனியில், நடுவில், போல்ட்டைச் சுற்றி என்று அழுத்திக் குத்திப் பாருங்கள். நல்ல வேங்கைப் பலகை முனையை உள்ளே விடாது. மக்கிய பலகையில் ஈரமான தக்கையில் இறங்குவது போல இறங்கிவிடும். அந்தப் பண்ணையில் எந்தக் குதிரைகளை ஏற்றினார்கள் என்பதையும் கேளுங்கள். பெண் குதிரையின் மூத்திரம் பின்கதவை ஒட்டி விழும், ஆண் குதிரையினுடையது வயிற்றுக்கு நேர் கீழே தளத்தின் நடுவில் விழும். உங்கள் காளைக்கும் அந்த நடுப்பகுதிதான். எங்கே தேட வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

அடுத்து ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுங்கள். துரு இருப்பது குற்றமில்லை. மேலாகப் படிந்த செந்துருவைக் கம்பி பிரஷ் எடுத்துவிடும். ஏடு ஏடாக உரிந்து வருகிறதா, சுத்தியலால் தட்டினால் கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று கேட்கிறதா என்று பாருங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள்.

பொலிரோவோடு இணைக்க முன்னால் நீளும் டிராபார், சேசிஸோடு (வண்டியின் அடிச்சட்டத்தோடு) சேரும் வெல்டிங்தான் இந்த வண்டியின் உயிர். குண்டும் குழியுமான சாலையில் எல்லா அடியும் அங்கேதான் விழும். அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிப் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2317 என்று இருந்தால், அது 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். ஆறேழு ஆண்டைத் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றுவதாகவே கணக்குப் போடுங்கள். உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் ஆக்ஸில் வளைந்திருக்கலாம். பிறகு ஜாக்கி வைத்து ஒவ்வொரு சக்கரத்தையும் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், சுற்றியும் விடுங்கள். கரகரவென்று ஓசை வந்தாலோ ஆட்டம் இருந்தாலோ பேரிங் போய்விட்டது. முடிந்தால் பத்து கிலோமீட்டர் இழுத்துப் பார்த்துவிட்டு, சக்கரத்தின் நடுக்கிண்ணத்தைத் தொடுங்கள். வெதுவெதுப்பாக இருக்கலாம், கை வைக்க முடியாத சூடு கூடாது.

கால்நடைத் துறையில் பணியாற்றியவர் (பதில்)

வண்டி உழைப்பது ஒருபுறம் இருக்க, விலங்குக்கு அது ஏற்றதா என்பதையும் பார்க்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 125இ பிரிவு, விலங்குகளை ஏற்றும் வண்டியில் குதிரை ஒன்றுக்கு 2.25 சதுர மீட்டரும் மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டரும் இடம் வேண்டும் என்றும், நிலையான தடுப்பு இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நீங்கள் சொன்ன அளவு ஐந்தரைச் சதுர மீட்டருக்குச் சற்றே மேல் வருவதால் இடம் போதும். ஆனால் நடுத்தடுப்பை இரண்டு கைகளாலும் பிடித்து உலுக்கிப் பாருங்கள். காளை சாயும்போது அதன் பாரம் முழுவதையும் அந்தத் தடுப்புதான் தாங்க வேண்டும்.

பின்பக்கச் சரிவுப் பலகையின் கீல்களையும் ஸ்பிரிங்கையும் தனியாகச் சோதியுங்கள். அதன்மேல் நீங்களே ஏறி நடுவில் நின்று குதியுங்கள். ஒருமுறை பலகை முறிந்து கால் உள்ளே போன குதிரையை மீண்டும் வண்டியில் ஏற்றுவது பெரும்பாடு. கூரை வெறும் தகடாக இருந்தால் சித்திரை வெயிலில் நம் வேலூரில் உள்ளே நிற்கவே முடியாது. பக்கவாட்டுச் சாளரங்கள் திறக்கின்றனவா, துருப்பிடித்து இறுகிவிட்டனவா என்று பாருங்கள். இரண்டில் எது கனமோ அதை வலப்பக்கம் நிறுத்துங்கள். ஒன்றை மட்டும் ஏற்றினாலும் வலப்பக்கமே. நம் சாலைகள் இடது ஓரத்துக்குச் சரிந்திருப்பதால் இப்படிச் சொல்கிறேன்.

விலங்குப் போக்குவரத்து விதிகள், 1978இன்படி குதிரை ஏற்றிய சரக்கு வண்டி மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. கால்நடை மருத்துவரின் தகுதிச் சான்றும் வேண்டும். பள்ளிகொண்டா வழியாகப் பெங்களூரு நெடுஞ்சாலையில் அந்த வேகத்தில் போவது எளிதில்லை என்பது எனக்கும் தெரியும். அதனாலேயே பின்விளக்குகளும் பிரதிபலிப்புப் பட்டைகளும் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்கிறேன்.

அணைக்கட்டு வாசகர்

இருவருக்கும் மிக்க நன்றி. நேற்று ஓசூர் சென்று பார்த்தேன். விரிப்பை எடுக்க முதலில் தயங்கினாலும் பிறகு எடுத்துக் காட்டினார். பின்கதவை ஒட்டிய இரண்டு பலகைகளில் ஸ்க்ரூடிரைவர் அரை விரல் ஆழம் இறங்கியது. அவற்றுக்குக் கீழே உள்ள கடைசிக் குறுக்குச் சட்டம் ஏடாக உரிகிறது. மற்றவை கணீரென்று ஒலிக்கின்றன. டயர்கள் நான்கிலும் 1416 என்று இருக்கிறது. ஒரு சக்கரத்தில் ஆட்டம் தெரிகிறது. தடுப்பும் சரிவுப் பலகையும் உறுதியாக உள்ளன. டிராபாரில் பெயின்ட்டைச் சுரண்டியபோது, வலப்பக்க வெல்டிங்கில் மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. பதிவு கர்நாடகத்தில் இருக்கிறது, பதிவுப் புத்தகத்தில் வங்கிக் கடனும் குறிக்கப்பட்டிருக்கிறது. படங்களை இணைத்துள்ளேன்.

ராணிப்பேட்டைப் பட்டறைக்காரர்

படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தக் கோடு வெல்டிங் உருகிப் படிந்த மணியோடு நின்றுவிடுகிறது, சேனல் என்னும் இரும்புச் சட்டத்துக்குள் ஓடவில்லை. சேனலே விரிசல் விட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இது பழைய வெல்டிங்கை முழுவதுமாக அரைத்து எடுத்துவிட்டு, புதிதாக வெல்டிங் செய்தால் தீரும் குறை. அதன்மேலேயே இன்னொரு பூச்சு வெல்டிங் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பெல் (BHEL) ஆலையை ஒட்டிய எங்கள் ஊரில் வெல்டிங் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை.

டயர் நான்கு, பேரிங், தளம் முழுவதற்கும் புதுப் பலகை, குறுக்குச் சட்டம் ஒன்று, வெல்டிங் கூலி என்று பார்த்தால் ஐம்பத்தைந்தாயிரம் வரை ஆகும். இரண்டு பலகையை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். மற்றவையும் அதே வயதுதான். அத்துடன் காளையை ஏற்றத் தொடங்கினால் இதுவரை காய்ந்து கிடந்த நடுப்பகுதியும் நனையும். இந்த வேலைகளைச் செய்து, ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் விரிப்பைத் தூக்கிக் கழுவிக் காயவிட்டால், சேசிஸ் பத்து ஆண்டு தாராளமாக ஓடும். ஒரு லட்சத்துப் பத்தாயிரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். பொலிரோ எவ்வளவு எடை இழுக்கலாம் என்பதை அதன் கையேட்டில் பார்த்துவிட்டு, டிரெய்லரை எடைமேடையில் ஏற்றிப் பாருங்கள்.

குடியாத்தம் வாசகர்

பதிவு தொடர்பாக மட்டும் ஒன்று சொல்கிறேன். வங்கியின் தடையின்மைச் சான்றும் கையொப்பமிட்ட படிவம் 35உம் வாங்கிக் கடன் குறிப்பை அவரே நீக்கித் தர வேண்டும். அதன்பின் அங்குள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28இன் மூலம் தடையின்மைச் சான்றும், பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30உம் தேவை. சேசிஸில் பொறித்த எண் பதிவுப் புத்தகத்தோடு பொருந்துகிறதா என்று டார்ச் அடித்துப் படியுங்கள். புதுப் பெயின்ட் அதையும் மூடியிருக்கும். தமிழ்நாட்டு வரியைத் தனியாகக் கட்ட வேண்டியிருக்கும் என்பதையும் விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அணைக்கட்டு வாசகர்

சேசிஸ் எண் பொருந்துகிறது. ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துக்கு இறங்கி வந்திருக்கிறார். வங்கிச் சான்று கைக்கு வரும் வரை ஐயாயிரம் மட்டுமே முன்பணம் என்று எழுதி, இருவரும் கையொப்பமிட்டிருக்கிறோம். டிரெய்லரை அங்கிருந்து இழுத்து வராமல், லாரியில் ஏற்றி நேராக ராணிப்பேட்டைப் பட்டறைக்கே கொண்டுவருகிறேன்.