ஸ்பின் பைக்கா, ட்ரெய்னரா? இன்று இரவுக்குள் முடிவு சொல்லுங்கள்

மதுரைக்காரன்:
அண்ணன்மாரே, அக்காமாரே, அவசரம். செப்டம்பரில் கனடா வந்தேன், டொரண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கிறேன். ஊரில் விடிந்தால் சைக்கிளில்தான் இருப்பேன். இங்கே குளிர் பிடித்ததிலிருந்து நாற்காலியே கதி. போன வாரப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டிருக்கிறது. அப்பாவுக்கும் இந்த வயதில்தான் தொடங்கியது, பயமாக இருக்கிறது. வீட்டுக்குள் நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஸ்பின் பைக்குக்குக் கடையில் தள்ளுபடி, இன்றோடு முடிகிறது. அதை வாங்கவா, சாதாரண சைக்கிளை மாட்டி வீட்டுக்குள் மிதிக்கும் ட்ரெய்னர் கருவி வாங்கவா?

வன்னிமகள்:
தம்பி, ஒன்றும் வாங்க வேண்டாம். 90களில் நாங்கள் வந்தபோது பேஸ்மென்டில் ஒரே அறையில் இரண்டு குடும்பம். இரவு வேலை முடிந்து, முழங்கால் பனியில் பஸ் நிறுத்தம் வரை நடந்தோம். கையுறை வாங்கக்கூட யோசித்த காலம். நல்ல பூட்ஸ் வாங்கி வெளியே நடங்கள்.

எட்மன்டன் வாசி:
அக்கா, எங்கள் ஊரில் மைனஸ் 30இல் நடக்கச் சொல்ல முடியுமா? டைரக்ட் டிரைவ் ட்ரெய்னர்தான் சரி. சைக்கிளின் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டுச் செயினை நேரே ட்ரெய்னரின் பல்சக்கரத்தில் மாட்டுவது. டயர் தேயாது. ஸ்விஃப்ட் (Zwift) என்ற சைக்கிள் பயிற்சிச் செயலியோடு இணைத்தால் திரையில் மேடு வரும்போது பெடலும் தானாகக் கனக்கும். எனக்கு முதல் குளிர்காலத்தைக் கடத்தித் தந்ததே அதுதான்.

நெல்லைச்செல்வி:
வீட்டில் தனியாக மிதித்தால் மனம் இன்னும் சோர்ந்துவிடும். நகராட்சி உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போங்கள். வருமானம் குறைவென்றால் டொரண்டோ நகராட்சியின் வெல்கம் பாலிசியில் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். நாலு முகமாவது கண்ணில் படும்.

எட்மன்டன் வாசி:
ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. வேலை முடிந்து, அந்தக் குளிரில் பஸ்சுக்குக் காத்திருந்து யார் போவது?

பிராம்டன் குமார்:
பஸ்சை விடுங்கள், குடும்ப மருத்துவர் கிடைக்கவே நான் பட்ட பாடு! வாடகையோ கேட்கவே வேண்டாம். என் வீட்டில் சைக்கிள் மிதித்தால் கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டுகிறார். குழந்தை நடந்தாலும் தட்டுகிறார்.

வன்னிமகள்:
எங்களுக்கும் தட்டினார்கள். சமைத்தால் வாசனை என்றும் புகார்.

ஓட்டுநர் ரவி:
கேட்டவர் காத்திருக்கிறார். தம்பி, சைக்கிள் கையில் இருக்கிறதா? எந்த மாடி? எடை, பட்ஜெட்?

மதுரைக்காரன்:
மன்னியுங்கள், பதற்றத்தில் விட்டுவிட்டேன். 11ஆவது மாடி, மரத்தரை. சைக்கிள் இல்லை. எடை 104 கிலோ. 400 டாலருக்கு மேல் முடியாது.

ஓட்டுநர் ரவி:
அப்படியானால் ட்ரெய்னர் பேச்சே வேண்டாம். அதற்குத் தனியாகச் சைக்கிள் வேண்டும். ஸ்பின் பைக்தான், ஆனால் தள்ளுபடிக்காக ஓடாதீர்கள். டிசம்பர் 26 பாக்சிங் டேயில் மறுபடி விலை இறங்கும், கிஜிஜி விளம்பரத் தளத்திலும் பழையது கிடைக்கும்.

முதலில் அது எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள். உங்கள் எடைக்கு மேலே நல்ல இடைவெளி இருக்கட்டும். செயின் வேண்டாம், பெல்ட் போதும். இறுக்கம் காந்தத்தால் வருவதாக இருக்கட்டும். கம்பளிக் கட்டை சக்கரத்தில் உரசும் வகை நாளாக நாளாகத் தேயும், சத்தமும் போடும். பழையது என்றால் பெடலைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் விட்டுவிடுங்கள். இருக்கைக் கம்பியை வெளியே இழுத்துப் பாருங்கள். வியர்வை இறங்கித் துருப்பிடிப்பது அங்கேதான்.

மரத்தரையில் தடித்த ரப்பர் விரிப்பு கட்டாயம். கீழே போவது சத்தத்தைவிட அதிர்வுதான், இரவு பத்துக்குப் பிறகு மிதிக்காதீர்கள். எதிரே மின்விசிறி வையுங்கள். அறைக்குள் எதிர்காற்று இல்லாததால் சீக்கிரமே உடல் சூடேறிவிடும். குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்கு இறக்கும்போது கால் நேராக நீள வேண்டும். இருக்கையின் உயரம் அதுதான், இல்லாவிட்டால் முழங்கால் வலிக்கும். தொடங்குமுன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மதுரைக்காரன்:
நன்றி அண்ணா. கடையில் இருப்பது 110 கிலோ வரைதான் தாங்குமாம், அதனால் விட்டுவிடுகிறேன். கிஜிஜியில் மார்க்கம் பக்கம் ஒன்று இருக்கிறது, பெல்ட் வகை. சனிக்கிழமை பார்க்கப் போகிறேன். தூக்கி வர வேன் வைத்திருப்பவர் யாராவது இருக்கிறீர்களா?