கர்ப்பப்பை அறுவைக்கு முன்னும் பின்னும்: பதின்மூன்றாம் நாள் தூக்கிய குடம்

கும்பகோணம், பள்ளி ஆசிரியை, வயது 47

கடந்த ஆண்டு கோடை விடுமுறை தொடங்கிய வாரத்தில் எனக்கு வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை அகற்றும் அறுவை சிகிச்சை நடந்தது. அடுத்த மாதம் இதே அறுவைக்கு நாள் குறித்திருக்கும் சகோதரி ஒருவர், என்னென்ன ஏற்பாடுகள் செய்துகொள்ள வேண்டும் என்றும் எத்தனை நாளில் பழையபடி நடமாடலாம் என்றும் கேட்டிருந்தார். அவருக்காக எழுதுகிறேன். அறுவை நடந்த இரண்டு மணி நேரத்தைவிட அதற்கு முந்தைய ஒரு மாதமும் பிந்தைய ஆறு வாரங்களுமே என்னை அதிகம் சோதித்தன என்பதால் அவற்றைப் பற்றியே விரிவாகச் சொல்கிறேன்.

மூன்று ஆண்டுகளாக எனக்கு மாதவிலக்கு ஒன்பது, பத்து நாட்கள் நீடித்தது. ரத்தம் கட்டி கட்டியாகப் போனது. வகுப்பில் நாற்காலியில் உட்கார அஞ்சி நின்றபடியே பாடம் நடத்தியிருக்கிறேன். ஸ்கேனில் மூன்று பைப்ராய்டு கட்டிகள் (கர்ப்பப்பைத் தசையில் வளரும் சாதாரணக் கட்டிகள்) தெரிந்தன. அவற்றில் பெரியது 9 சென்டிமீட்டர். கர்ப்பப்பை ஐந்து மாதக் கர்ப்பத்தின் அளவுக்குப் பெருத்திருப்பதாக மருத்துவர் சொன்னார். ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை சில மாதங்கள் கைகொடுத்தது. கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனத்தைப் பற்றியும் பேசினோம். ஆனால், கட்டி உட்புறத்தைக் கோணலாக்கிவிட்டதால் அது தங்காமல் வெளியே வந்துவிடக்கூடும் என்றார். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையும், உட்சுவரிலிருந்து சிறிது திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனையும் முடிந்து, புற்றுநோய் இல்லை என்று தெரிந்த பிறகே அறுவையைப் பற்றிப் பேச்செடுத்தார். இரண்டு பிரசவமும் சிசேரியன் என்பதால் சிறுநீர்ப்பை பழைய தழும்போடு ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு என்றும், கட்டியின் அளவும் பெரிது என்பதால் வயிற்றில் சிறு துளைகள் போட்டுச் செய்வதைவிட வயிற்றைத் திறந்து செய்வதே பாதுகாப்பு என்றும் விளக்கினார்.

அப்போது எனக்கு ஹீமோகுளோபின் 7.1. அந்த நிலையில் கத்தி வைக்க மாட்டேன், முதலில் ரத்தம் ஊறட்டும் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். அக்கம்பக்கத்தார் முருங்கைக்கீரையும் பீட்ரூட்டும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களுடைய அன்பை நான் மறக்க மாட்டேன். ஆனால், மாதாமாதம் அவ்வளவு ரத்தம் போய்க்கொண்டிருக்கும்போது கீரை மட்டும் ஒரு மாதத்தில் ஈடுசெய்யாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஐந்து முறை, முறைக்கு 200 மில்லிகிராம் வீதம், இரும்புச்சத்து மருந்தைச் சலைனில் கலந்து நரம்பு வழியாக ஏற்றினார்கள். அந்த மாத ரத்தப்போக்கை நிறுத்தி வைக்க ஹார்மோன் மாத்திரையும் கொடுத்தார்கள். நான்கு வாரம் கழித்து 10.4 வந்தது. அதன் பலனாக அறுவையின்போது எனக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கவில்லை. எடுத்துவைத்திருந்த இரண்டு யூனிட் ரத்தமும் அப்படியே வங்கிக்குத் திரும்பியது.

மருத்துவமனையில் சேருவதற்கு இரண்டு வாரம் முன்பே மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றை வாங்கிப் பழகச் சொன்னார்கள். குழாயை வாயில் வைத்து மெதுவாக உள்ளிழுக்க வேண்டும். ஒரு பந்து எளிதாக எழும்பும், இரண்டாவது தயங்கி எழும்பும், மூன்றாவதை எழுப்ப எனக்கு நான்கு நாள் ஆயிற்று. வயிற்றில் தையலோடு படுத்திருக்கும்போது வலிக்குப் பயந்து நாம் மேலோட்டமாகவே மூச்சு விடுவோம். அதனால் நுரையீரலில் சளி தேங்கிக் காய்ச்சல் வரலாம். முன்கூட்டியே பழகியிருந்தால் அறுவைக்கு மறுநாள் கை தானாகக் கருவியை எடுக்கும்.

அறுவைக்கு முந்தைய இரவு லேசான உணவு. நள்ளிரவுக்குப் பிறகு எதுவும் உண்ணவில்லை. காலை ஆறு மணி வரை தண்ணீர் மட்டும் குடிக்கலாம் என்றார்கள். மின்சாரத்தால் இயங்கும் அறுவைக் கத்தியைப் பயன்படுத்துவதால் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது என்று செவிலியர் சொன்னதும் என் மாமியார் மஞ்சள் கிழங்கு ஒன்றை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிவிட்டு, தாலிக்கொடியையும் மெட்டியையும் தம் முந்தானையில் முடிந்துகொண்டார். ஐந்து நாட்கள் கழித்து வீட்டுக்கு வந்தபின்தான் அந்த முடிச்சை அவிழ்த்தார்.

முதுகில் ஊசி போட்டார்கள். வலி நிவாரணத்துக்காக மெல்லிய குழாய் ஒன்றையும் முதுகிலேயே விட்டுவைத்தார்கள். பழைய சிசேரியன் தழும்பின் மேலேயே வெட்டினார்கள். சினைப்பைகள் இரண்டும் நன்றாக இருந்ததால் அவற்றை விட்டுவிட்டு, கர்ப்பப்பையையும் கருக்குழாய்களையும் மட்டும் எடுத்தார்கள். இதை முன்பே பேசித் தாளில் எழுதியிருந்தோம்.

மறுநாள் காலை எழுந்து நிற்க வைத்தார்கள். நேராக எழ முயன்றால் வயிறு கிழிவது போல இருக்கும். முழங்கால்களை மடக்கி, தோளையும் இடுப்பையும் ஒன்றாகத் திருப்பி ஒருக்களித்துப் படுத்து, கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் சிறிய தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க ஊசியும் போட்டார்கள், நடக்கவும் வைத்தார்கள். ஒவ்வொரு முறை வந்த செவிலியரும் "காற்று பிரிந்ததா அம்மா?" என்றே கேட்டார்; முதல் நாள் கூச்சப்பட்டேன், இரண்டாம் நாள் மாலை அது பிரிந்தபோது என் கணவர் வராந்தாவரை ஓடிப்போய்ச் செவிலியரிடம் சொன்னார். அன்று சிறுநீர்க் குழாயை எடுத்தார்கள்; இரவு ரசம் சாதம் கிடைத்தது.

இனி நான் செய்த தவறு. பத்தாம் நாள், வெளித்தோலை மூடப் போட்டிருந்த பின்களை எடுத்தார்கள். வெளிக்காயம் கோடு போல மூடியிருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் "நன்றாகத் தேறிவிட்டாய்" என்றார்கள், நானும் நம்பினேன். பதின்மூன்றாம் நாள் அதிகாலை ஐந்து மணிக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வந்தது. மே மாதம், விட்டால் இரண்டு நாள் கழித்துத்தான் வரும். கணவர் இரவுப் பணியிலிருந்து திரும்பவில்லை, மாமியாருக்கு முழங்கால் வலி. ஒரு குடம்தானே என்று தூக்கினேன். பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் ஏறத்தாழ 15 கிலோ. இடுப்பில் வைத்தபோது எதுவும் தெரியவில்லை. நான்கு குடம் எடுத்தேன். மாலையில் பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் வந்து ஒரு நாப்கின் நனைந்தது. கர்ப்பப்பையே இல்லாதவளுக்கு எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று உடல் நடுங்கியது.

மருத்துவமனையில் பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பை இருந்த இடத்தில், பிறப்புறுப்பின் மேல்முனையை மூடிப்போட்ட தையலில் ஒரு பக்கம் கசிகிறது என்றார்கள். அந்தத் தையல் தானாகக் கரையும் காலமும் அதுதானாம். இரண்டாவது வாரத்தில் பாரம் தூக்காதவர்களுக்குக்கூடச் சிறிது கசிவு வரலாம் என்றார்கள். எனக்கு மறுபடியும் தையல் போட வேண்டியிருக்கவில்லை. ஓர் இரவு வைத்திருந்து அனுப்பினார்கள். வெளியே தெரியும் தோல் பத்து நாளில் மூடிவிடுகிறது, ஆனால் உள்ளே இருக்கும் தையலும் வயிற்றுத் தசையை மூடியிருக்கும் உறையும் வலுப்பெற ஆறு முதல் எட்டு வாரம் ஆகிறது என்பதை எனக்கு அன்றைக்குத்தான் படம் வரைந்து காட்டினார்கள். முன்பும் சொல்லியிருப்பார்கள், நான் தோலைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டேன்.

கோயம்புத்தூர், வயது 41

அக்கா எழுதியதில், சினைப்பையைப் பற்றி முன்பே பேசித் தாளில் எழுதியதாகச் சொன்ன அந்த ஒரு வரிக்காக இதை எழுதுகிறேன். எனக்கு 39 வயதில் பைப்ராய்டுக்காக அறுவை நடந்தது. அரங்குக்குள் அழைத்துப்போகும் முன் ஆங்கிலத்தில் அச்சிட்ட ஒப்புதல் தாளைக் கொடுத்து, "சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம், பின்னால் புற்றுநோய்ப் பயம் இருக்காது" என்றார்கள். பயம் இருக்காது என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது, கையெழுத்துப் போட்டேன்.

ஐந்தாம் நாள் இரவு நெஞ்சிலிருந்து முகம்வரை அனல் ஏறி, நைட்டி முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்தது. காய்ச்சல் என்று நினைத்து வெப்பமானியை வைத்தால் 98.4 காட்டியது. ஓர் இரவில் ஆறேழு முறை இப்படி வந்தது. தூக்கம் போயிற்று; காரணமில்லாமல் அழுகை வந்தது. வீட்டில் எல்லாரும் மனபலம் போதவில்லை என்றார்கள். மூன்று மாதம் கழித்து வேறொரு மருத்துவரிடம் போனபோதுதான், பத்து ஆண்டுகளில் படிப்படியாகக் குறைய வேண்டிய, சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஒரே நாளில் நின்றுபோனதன் விளைவு இது என்று விளக்கம் கிடைத்தது. இவ்வளவு இளம் வயதில் அது நின்றால் எலும்புத் தேய்மானத்துக்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு கூடும் என்றார். எனக்கு மார்பகப் புற்றுநோயோ ரத்தம் உறையும் கோளாறோ இல்லை என்று பார்த்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்; கர்ப்பப்பை இல்லாததால் அதனோடு இன்னொரு ஹார்மோன் சேர்க்கத் தேவையில்லை. இரண்டே வாரத்தில் இரவுகள் அடங்கின.

குடும்பத்தில் சினைப்பை, மார்பகப் புற்றுநோய் இருந்தவர்களுக்கு எடுப்பதே சரியாக இருக்கலாம். என் வீட்டில் அப்படி யாருமில்லை, என் சினைப்பைகளில் கட்டியும் இல்லை. ஆகவே கேட்ட சகோதரி தயவுசெய்து கையெழுத்துக்கு முன் மூன்றைக் கேளுங்கள்: சினைப்பையை எடுக்கப் போகிறீர்களா, ஏன், எடுத்தால் அதன்பின் எனக்கு என்ன மருந்து? கர்ப்பப்பை வாயை விட்டுவைப்பார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அது இருந்தால் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடர வேண்டியிருக்கும்.

திருநெல்வேலி, மனைவியைக் கவனித்துக்கொண்டவர்

நான் ஆண். இங்கே எழுதலாமா என்று தயங்கினேன். வீட்டு ஏற்பாடுகளைச் செய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் மனைவி வழக்கமாகத் தரையில் பாய் விரித்துப் படுப்பவள். அறுவைக்குப் பின் தரையிலிருந்து எழ முடியாது என்று முன்பே சொன்னதால், கட்டிலையும் கழிப்பறையில் வைக்கும் நாற்காலியையும் மாத வாடகைக்கு எடுத்துப் போட்டோம். மேல்தட்டில் இருந்த அரிசி டப்பா, எண்ணெய்த் தூக்கு எல்லாவற்றையும் மேடைக்கு இறக்கினோம்.

எங்களுக்கு வந்த பெரிய சிக்கல் சாப்பாடு. என் தாயார் பழைய முறைப்படி, பருப்பு போட்டால் தையல் சீழ் வைக்கும் என்றும், தண்ணீர் அதிகம் குடித்தால் வயிறு போடும் என்றும் சொல்லி வற்றல் குழம்பும் சோறுமாகவே கொடுத்தார். நான்காம் நாள் மலச்சிக்கல் வந்து அவள் பட்ட வேதனை தையல் வலியைவிட அதிகம். தாயாரையே மருத்துவரிடம் அழைத்துப்போனேன். காயம் ஆறப் புரதம் வேண்டும், பருப்பு, முட்டை, மீன் எல்லாம் கொடுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள் என்று அவர் பொறுமையாகச் சொன்னார். மகன் சொல்லிக் கேளாதவர் மருத்துவர் சொன்னதும் அன்று மாலையே பாசிப்பருப்பு வேகவைத்தார். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்தும் இரண்டு வாரம் தேவைப்பட்டது.

மதுரை, ஓய்வுபெற்ற செவிலியர்

வீட்டுக்கு அனுப்பும்போது நாங்கள் அவசரமாகச் சொல்லிவிடும் செய்திகளை இங்கே நிதானமாகச் சொல்கிறேன். பழுப்பு நிறக் கசிவு நான்கு முதல் ஆறு வாரம் இருக்கலாம். ஆனால் ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைந்தாலும், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலும், துர்நாற்றம் அடித்தாலும், சிறுநீர் கழிக்க முடியாமற்போனாலும், தண்ணீர் போல ஓயாமல் கசிந்தாலும் உடனே வர வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பதும் திடீர் மூச்சுத்திணறலும் ரத்தக்கட்டியின் அறிகுறிகள். அவற்றுக்கு விடியும்வரை காத்திருக்கக்கூடாது. தாம்பத்திய உறவு ஆறு வாரப் பரிசோதனை முடியும்வரை வேண்டாம். இதை மனைவியிடம் மட்டும் சொன்னால் போதாது என்பதால் நான் எப்போதும் கணவரையும் கூப்பிட்டுச் சொல்வேன்.

இன்னொன்றும் என் மனத்தில் கிடக்கிறது. முப்பது வயதில் வெள்ளைப்படுதலுக்காகவே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு வந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். 2015–16 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரையிலான பெண்களில் 3.2 விழுக்காட்டினர் கர்ப்பப்பை எடுத்தவர்கள். மராட்டியத்தின் பீட் மாவட்டத்தில், மாதவிலக்கால் வேலைநாள் வீணாகிறது என்று கரும்பு வெட்டும் பெண்கள் பெரும் எண்ணிக்கையில் இதைச் செய்துகொண்டது 2019இல் வெளியே வந்தது. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டு நெறிகளை மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்துமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கும்பகோணம் ஆசிரியைக்கு நடந்ததுபோல, மாத்திரையும் திசுப் பரிசோதனையும் முடிந்தபின் இந்தப் பேச்சு வந்தால் அச்சம் வேண்டாம். முதல் சந்திப்பிலேயே வந்தால் இன்னொரு மருத்துவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.

கும்பகோணம், பள்ளி ஆசிரியை

விட்டுப்போனதைச் சொல்லிவிடுகிறேன். எடுத்த கர்ப்பப்பையைச் சோதித்த அறிக்கை இரண்டு வாரத்தில் வந்தது. சாதாரணக் கட்டிகள்தான், புற்றுநோய் இல்லை. அந்தத் தாளை நினைவாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வயிற்று பெல்ட் நடக்கும்போது எனக்கு இதமாக இருந்தது, படுக்கும்போது கழற்றிவிட்டேன். ஸ்கூட்டரை ஏழாம் வாரத்தில்தான் எடுத்தேன். பள்ளி ஜூனில் திறந்தபோது மருத்துவச் சான்றோடு மேலும் மூன்று வாரம் விடுப்பு எடுத்தேன்; முதல் மாதம் தலைமை ஆசிரியர் எனக்குத் தரைத்தள வகுப்பைக் கொடுத்தார். மதியத்தில் வரும் அசதி நான்கு மாதம்வரை இருந்தது.

இப்போது வீட்டில் குடம் தூக்குவது யார் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். பதின்மூன்றாம் நாளுக்கு மறுநாளே என் கணவர் தெருக்குழாயிலிருந்து சமையலறை டிரம்முக்கு எட்டும்படி பச்சை நிற ஹோஸ் குழாய் ஒன்றை வாங்கிவந்தார். தண்ணீர் வரும் நாட்களில் மாமியார் திண்ணையில் உட்கார்ந்தபடியே அதைக் குழாயில் செருகிவிடுகிறார்.