பொன்மலை அப்பாவின் நோட்டுப் புத்தகங்கள்

மூத்த மகள்

அடுத்த மாதம் அப்பாவுக்குத் தலைத் திவசம். பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு தகரப் பெட்டி நிறைய நோட்டுப் புத்தகங்கள் கிடைத்தன. எண்ணினேன், 37. ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் ‘ஆரம்பம்’ என்று எழுதித் தேதி போட்டிருக்கிறார். அதன் கீழே ‘முடிவு’ என்று எழுதி இடம் விட்டிருக்கிறார். முக்கால்வாசி நோட்டுகளில் அந்த இடம் காலி.

அவரைத் தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று எழுதுங்கள். தொகுத்து அச்சடித்துத் திவசத்தன்று கொடுக்கலாம் என்று தம்பி சொல்கிறான். ‘தங்கமான மனிதர்’ என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம். துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் அதைச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். நடந்ததைச் சொல்லுங்கள்.

நானே தொடங்குகிறேன். 1988. பிளஸ் டூ முடித்துவிட்டுத் தமிழ் டைப்ரைட்டிங் சேர்ந்தேன். வகுப்பு மாலை ஆறு முதல் ஏழு வரை. திரும்பும் வழியில் விளக்கே எரியாத ஒரு தெரு உண்டு. வேறு அப்பாக்கள் வாசலில் சைக்கிளோடு நின்றார்கள். எங்கள் அப்பா இரண்டு நாள் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டு எனக்கு அடுத்த மெஷினில் வந்து உட்கார்ந்துவிட்டார். வயது 45. சுற்றிலும் தாவணி போட்ட பெண்கள். நடுவில் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலிருந்து நேராக வந்த, நகக்கண்ணில் கிரீஸ் போகாத ஒரு மனிதர், ‘யளனக யளனக’ என்று முதல் பாடத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு உயிர் போயிற்று. ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அவருடைய இடது சுண்டுவிரல் எப்போதோ இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸில் நசுங்கியது, சரியாக மடங்காது. தமிழ் மெஷினில் ‘ய’வுக்கு அந்த விரல்தான். அதனால் அவர் தாளில் ‘ய’ மட்டும் மங்கலாகவே விழும். லோயர் பரீட்சையில் நான் தேறினேன், அவர் தேறவில்லை. ஆனாலும் பிறகு பழைய ரெமிங்டன் ஒன்றை வாங்கினார். கல்யாணமாகி நான் நாக்பூரில் இருந்த பதினோரு வருடமும் டைப் அடித்த கடிதங்கள் வந்தன. ‘பிரியமுள்ள’ என்று ஆரம்பிக்கும். அந்த ‘ய’வைத் தாளைச் சாய்த்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒர்க்‌ஷாப்பில் அவருக்குக் கீழே வேலை கற்றவன்

அண்ணன் நீராவி எஞ்சின் ஃபிட்டர். நான் அப்ரண்டிஸாகப் பொன்மலைக்கு வந்தபோது டீசல் உள்ளே வந்துவிட்டது. நீராவியில் ஊறிய பெரியவர்கள் பலருக்கு டீசல் என்றால் இளக்காரம். ‘கரியும் தண்ணீரும் இல்லாதது எஞ்சினா?’ என்பார்கள். அண்ணனுக்கும் அந்த எண்ணம் இருந்திருக்கும், மறைக்க மாட்டார். ஆனால் டீசல் பயிற்சி வகுப்பில் எங்களைப் போன்ற பொடியன்களுக்கு நடுவே முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார். சொல்லிக்கொடுக்க வந்தவருக்கே சில நாள் வியர்த்துவிடும்.

இன்னொன்று சொல்ல வேண்டும். நீலகிரி மலை ரயிலுக்குப் புதிய நீராவி எஞ்சின்களைப் பொன்மலையிலேயே கட்டியபோது அண்ணன் ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகியிருந்தன. சந்தையில் என்னைப் பார்த்தவர் காய்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டார். ‘நான்கு சிலிண்டர் என்கிறார்களே, எப்படி?’ என்றார். கல்லாறிலிருந்து குன்னூர் வரை ஏற்றம் கடுமை, பன்னிரண்டு அடிக்கு ஒரு அடி. வெறும் சக்கரத்தை நம்ப முடியாது. அதனால் நடுவில் பல் தண்டவாளம். இரண்டு சிலிண்டர் சக்கரங்களைத் தள்ளும், இரண்டு சிலிண்டர் பல்சக்கரத்தைத் தள்ளும். ஏற்றத்தில் முதல் இரண்டில் வேலை செய்துவிட்டு வரும் நீராவியே மற்ற இரண்டுக்கும் போகும். நான் இதைச் சொல்லச் சொல்ல, வெங்காயம் கட்டிக்கொடுத்த காகிதத்தின் பின்பக்கம் படம் போட்டார். வேலை கற்றுக்கொடுத்த மனிதர் அத்தனை கூட்டத்துக்கு நடுவே என் முன்னால் மாணவனாக நிற்கிறார். எனக்குத்தான் கூச்சமாக இருந்தது, அவருக்குத் துளியும் இல்லை. அந்தக் காகிதம் பெட்டியில் இருக்கிறதா, அக்கா?

மூத்த மகள்

இருக்கிறது. ஒரு நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறார். பக்கத்தில் ‘சந்தையில் கேட்டது’ என்று உங்கள் பெயர்.

இளைய மகன்

எல்லோரும் நல்லதையே எழுதுவீர்கள், நான் கொஞ்சம் புகார் சொல்கிறேன். எனக்குக் கணக்கு வராது. பத்தாம் வகுப்பில் அப்பா என்னோடு சேர்ந்து கணக்குப் படித்தார். பழைய வினாத்தாளை இருவரும் எழுதினோம். அவர் 92, நான் 41. ஊக்கமாக இருக்கும் என்று நினைத்தார் போலும். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடுத்த முறை வேண்டுமென்றே இரண்டு கணக்கைத் தப்பாகப் போட்டார். அதையும் கண்டுபிடித்துவிட்டேன், அதற்கும் சண்டை. கற்றுக்கொள்வதில் அவருக்கு இருந்த ருசி எல்லோருக்கும் இருக்கும் என்று அவர் நம்பியதுதான் எங்களுக்கு இருந்த ஒரே கஷ்டம்.

1996-இல் அம்மாவுக்கு மாத்திரை போதாமல் இன்சுலினுக்கு மாற்றினார்கள். தினமும் ஒரு கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து போட்டார். ஒருநாள் அவர் வரவில்லை, அம்மா பதினோரு மணிவரை சாப்பிடாமல் காத்திருந்தார். மறுநாள் அப்பா ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கிவந்தார். சாறு பிழியத்தான் என்று நினைத்தேன். சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் ஊசியில் தண்ணீரை இழுத்து, சாத்துக்குடிக்குக் குத்திப் பழகினார். மருந்துப் புட்டியைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும் என்பதை நர்ஸிடம் கேட்டுவந்து, வெறும் புட்டியை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் அம்மாவின் பக்கம் திரும்பினார். ‘சாத்துக்குடிக்கு வலிக்கவில்லை’ என்றார். ‘அது சொல்லவில்லை, அவ்வளவுதான்’ என்றார் அம்மா.

அந்த நோட்டைப் பார்த்தேன். தேதி, அளவு, குத்திய இடம். வலது வயிறு, இடது வயிறு, வலது தொடை, இடது தொடை என்று ஒரே இடத்தில் மறுநாள் படாமல் சுற்றிவருகிறது. 26 வருடம். ஒரு நோட்டு இல்லை, ஒன்பது.

முன்பு கீழ்வீட்டில் குடியிருந்தவன்

2005-இல் நான் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். மாமா வந்து தமிழில் டைப் அடிக்க வேண்டும் என்றார். தமிழ்99 விசைப்பலகையைக் காட்டினேன். உயிரெழுத்தெல்லாம் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. பழகிய ‘யளனக’ எங்கே என்று முதலில் கோபித்துக்கொண்டார். ‘அக்கா’ என்று அடிக்கச் சொன்னேன். அ, க, இன்னொரு க, ஆ. அடித்தார். முதல் ‘க’வுக்குப் புள்ளி தானாக விழுந்தது. பழைய மெஷினில் புள்ளியைத் தட்டிவிட்டுத்தான் எழுத்தைத் தட்ட வேண்டுமாம். திரையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய் எனக்கு ஒரு டீ வாங்கிவந்தார். சுண்டுவிரல் விஷயம் இப்போது படித்துத்தான் தெரிகிறது. பாவம், அப்போது ‘அழுத்தி அடியுங்கள் மாமா’ என்று அவரை விரட்டினேன்.

பேத்தி

எனக்குப் பன்னிரண்டு வயது, தாத்தாவுக்கு 74. சித்தன்னவாசலுக்குப் போனோம். எல்லோரும் ஓவியம் பார்க்கப் போனபோது தாத்தா என்னை மட்டும் ஏழடிப்பட்டம் என்கிற குகைக்கு அழைத்துப்போனார். பாறையில் வெட்டிய படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினார். மேலே குகையில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள், வழுவழுவென்று, தலையணை மாதிரி மேடோடு. ஒன்றில் தமிழ் பிராமி எழுத்து. 2,000 வருடத்துக்கு மேல் பழையது என்றார். அதற்காக எட்டு மாதம் எழுத்துப் பழகியிருந்தார்.

‘முக்கோணம் எங்கே, தேடு’ என்றார். தேடினேன். ‘அதுதான் எ. கூட்டல் குறி தெரிந்தால் க.’ கையால் தொடாமல் காற்றிலேயே விரலை ஓட்டி ‘எ, ரு, மி, நா, டு’ என்று படித்தார். எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்கு இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கையாம். அதன் பிறகு தடுமாறினார். ‘மிச்சம் புத்தகத்தில் படித்தது, கல்லில் எனக்குத் தெரியவில்லை’ என்று ஒத்துக்கொண்டார். எனக்குப் பசி. ‘யாராவது ஏற்கெனவே படித்துவிட்டதை நாம் ஏன் மறுபடி படிக்க வேண்டும், தாத்தா?’ என்று கேட்டேன். ‘நீ இன்னும் படிக்கவில்லையே’ என்றார். இறங்கும்போது நான்தான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது கல்வெட்டியல் படிக்கிறேன். அன்று அவருக்குத் தெரியாமல் போன மிச்சத்தை அவருக்குப் படித்துக்காட்ட முடியவில்லை.

அம்மா (மகளிடம் சொல்லி எழுதியது)

எல்லோரும் எழுதியதை இவள் படித்துக்காட்டினாள். நாக்பூர் கடிதங்களைத் தபாலில் போடும் முன் எனக்குப் படித்துக்காட்டுவார், அது யாருக்கும் தெரியாது.

எனக்கு முழங்கால் போன பிறகு குனிந்து கோலம் போட முடியவில்லை. வேலைக்காரப் பெண் போடட்டும் என்றேன். அவர் கேட்கவில்லை. இருட்டு இருக்கும்போதே, தெரு விழிப்பதற்குள், டார்ச்சை வைத்துக்கொண்டு போட்டுப் பழகினார். 77 வயதில். இடுக்குப் புள்ளிக் கோலம், பதினைந்து புள்ளி, எட்டில் நிறுத்த வேண்டும். புள்ளிக்கும் புள்ளிக்கும் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்தார், நான் திண்ணையிலிருந்து சிரித்தேன். கோடு கோணாது. ஆனால் மாவை விரலிலிருந்து விடத் தெரியாது, இழை ஓரிடத்தில் கனக்கும், ஓரிடத்தில் அறும். சொன்னால் முகம் வாடும். ஆனாலும் சொன்னேன். மறுநாள் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பதினாறாம் நாள் காரியம்வரை வாசல் வெறுமையாக இருந்தது. பதினேழாம் நாள் காலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து நானே போட்டேன். எட்டில் நிறுத்த மறந்து ஏழுக்குப் போய்விட்டேன்.